கடற்கரை ஊராட்சிக்கு வணிக வளாகம் வருகிறதா? கிராம சபையில் கேட்க வேண்டியவை

கேட்டவர் எழுதியிருந்ததன் சுருக்கம்: மண்டபம் ஒன்றியத்தில், ராமேஸ்வரம் போகும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் ஊராட்சி. சாலையோரம் 6 ஏக்கரில், 2 லட்சம் சதுர அடியில் பெரிய வணிக வளாகம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். வண்டி நிறுத்தம் நிலத்துக்கு அடியில். மனைக்குப் பின்னால் ஓர் ஓடை. கடல் 500 மீட்டருக்குள் என்று சிலரும், இல்லை என்று சிலரும் சொல்கிறார்கள். கிராம சபையில் பேச்சு எழுந்தபோது, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று ஒரு தரப்பும், கடைக்காரர்கள் பிழைப்பு போய்விடும் என்று இன்னொரு தரப்பும் மோதிக்கொண்டு கூட்டம் கலைந்துவிட்டது. ஊராட்சியால் இதைத் தடுக்க முடியுமா? மளிகைக் கடை வைத்திருக்கும் தான் எழுந்து பேசினால் எடுபடுமா? இதுதான் அவர் கேள்வி.

வணக்கம். கட்டட அனுமதிக் கோப்புகளோடும் உள்ளாட்சித் தீர்மானங்களோடும் பல வருடம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கூட்டம் கலைந்ததற்குக் காரணம், இரண்டு தரப்புமே சபையால் முடிவு செய்ய முடியாத ஒன்றைப் பற்றிச் சண்டை போட்டதுதான். வளாகம் வேண்டுமா வேண்டாமா என்று கை தூக்கி முடிவெடுக்கும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. ஆனால் அந்த நிலம் எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து வரும், பெய்யும் மழை எங்கே போகும், என்ன நிபந்தனையோடு அனுமதி தரலாம் என்று கேட்கிற உரிமை முழுக்க உங்களுக்கு உண்டு. அந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் இல்லாத திட்டம் தானாகவே நிற்கும். பதில் இருந்தால் ஊருக்கு ஓரளவு பாதுகாப்போடு வரும். அதனால் பேச்சைக் கடைப் போட்டியிலிருந்து நிலத்துக்கும் தண்ணீருக்கும் கொண்டுவாருங்கள்.

முதலில் உங்கள் சொந்தக் கவலையைப் பேசிவிடுவோம். பெரிய கடை வந்தால் சின்னக் கடை படுத்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அதைக் காரணமாக வைத்துக் கட்டட அனுமதியை மறுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. 1976-இல் ஒரு திரையரங்கு வழக்கில், பக்கத்தில் புதிதாக ஒரு திரையரங்கு வந்தால் தன் வருமானம் குறையும் என்று சொன்ன பழைய உரிமையாளரை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவராகவே ஏற்கவில்லை. தொழில் போட்டியால் வரும் நட்டம் சட்டப்படியான பாதிப்பு ஆகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். கடைக்காரர்கள் தீர்மானத்தில் 'எங்கள் வியாபாரம் பாதிக்கும்' என்று மட்டும் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறீர்கள்.

அதற்காக அதைச் சபையில் பேசாமல் விடாதீர்கள். உங்கள் கடையின் பற்று நோட்டைப் பற்றிப் பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டு மாதமும் வரவு கிடையாது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் கைக்கு வரும்வரை அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஊர்க் கடையில் பற்றுதான். நீள நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம், மேலே வீட்டுக்காரர் பெயருக்குப் பதிலாகப் படகின் பெயர், கடலுக்குப் போனதும் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது. கணினியில் பில் போடும் கடையில் இந்தப் பக்கம் கிடையாது. வளாகம் வரட்டும் என்கிற இளைஞர்களில் பலருடைய வீட்டுக் கணக்கும் உங்கள் நோட்டில் இருக்கும். இது அனுமதியை மறுக்கும் காரணம் ஆகாது, ஆனால் ஊர் எதை இழக்கக்கூடும் என்பதை ஊருக்கே சொல்ல இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. நீங்கள் தாராளமாக எழுந்து பேசலாம். பேசும்போது மளிகைக்கடைக்காரராகப் பாதி, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுப்பவராகப் பாதி பேசுங்கள்.

இனி ஊராட்சியின் நிலவரம். ராமநாதபுரம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதன் பின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு அரசு அலுவலர். அவருக்கு ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கிராம சபைதான் ஊர் நேரடியாகப் பேசும் ஒரே இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். போன கூட்டம் கலைந்துவிட்டது என்கிறீர்கள். வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து இருக்கிறது, தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊராட்சி செயலரிடம் முதலில் போய்ப் பாருங்கள். சத்தத்தோடு முடிந்த கூட்டத்தின் பதிவேட்டில் 'விவாதிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அதற்குச் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும்.

இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஊராட்சி தானாக வரைபட ஒப்புதல் தர முடியாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும்தான் அடிப்படை. தீயணைப்புத் துறை தடையின்மைச் சான்று, தேசிய நெடுஞ்சாலையிலிருந்து வண்டி திரும்பி உள்ளே வர அனுமதி, இதெல்லாம் தனித்தனி. கடைசியாகக் கட்டட அனுமதி உள்ளாட்சி வழியாக வரும். இதில் ஊருக்குப் பிடி கிடைக்கிற இடங்கள் நான்கைந்துதான். அவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

நிலத்திலிருந்து தொடங்குங்கள். சர்வே எண்களைக் கேட்டு வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகை எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் பாருங்கள். பட்டா இருக்கிறது என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நான் கேட்பது பக்கத்து எண்களைப் பற்றியும்தான். நம் மாவட்டம் தட்டையான தரை. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய், கடைசியில் ஓடை வழியாகக் கடலில் விழும். அந்த வரத்துக்கால்கள் பாதி இடங்களில் சீமைக் கருவேல் மண்டி, கண்ணால் பார்த்தால் வாய்க்கால் என்றே தெரியாது. புலப்படத்தில்தான் இரட்டைக் கோடாகத் தெரியும். சேதுபதி ஜமீனாக இருந்து 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசுக்கு வந்த நிலங்கள் இங்கே ஏராளம். பழைய ஆவணத்தில் ஊருணி என்று இருந்தது புதிய ஆவணத்தில் வேறாக மாறியிருக்கிறதா என்று பழைய நில வரித்திட்டப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை ஆகாது. மனையில் பனை நிற்கிறதா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. நன்செய், புன்செய் நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றத் தனி அனுமதி வேண்டும். எந்த நிலம் எதற்கு என்று அரசு வகுத்த முழுமைத் திட்டத்துக்குள் வரும் இடமாக இருந்தால், நிலப்பயன்பாட்டு மாற்றத்துக்குப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். அந்த அறிவிப்பு பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத மூலையில் வரும். உங்கள் ஊர் வாலிபர்களில் ஒருவரைத் தினமும் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதாவது கடலோரத்தில் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி. கடலுக்கு 500 மீட்டருக்குள்ளா இல்லையா என்று ஊரில் வாதாடி முடிக்கவே முடியாது, ஏனென்றால் அளவு அலை நிற்கும் இடத்திலிருந்து எடுப்பதில்லை. கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை, உயர் ஓதக் கோடு என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்துதான் 500 மீட்டர். அந்தக் கோட்டைக் குறிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. சர்வே எண்ணை மேலே பொருத்திய வரைபடத்தைக் கட்டுபவர்தான் வாங்கித் தர வேண்டும். அதைச் சபையில் வைக்கச் சொல்லுங்கள்.

இதில் பலரும் கவனிக்காதது பின்னால் இருக்கும் ஓடை. கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் உள்ளே வருகிற ஓடையும் மண்டலத்துக்குள் சேரும். வறண்ட காலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம்வரை அந்த எல்லை போகும். ஓடையின் இரு கரையிலும் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், எது குறைவோ அது, மத்திய அரசின் 2011 கடற்கரை மண்டல அறிவிக்கைப்படி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. கடலோரத்தில் முற்றிலும் கட்டக் கூடாத பகுதியையும் அந்த அறிவிக்கை மாற்றியது: 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிக்கு 50 மீட்டர், அதற்குக் குறைந்த அடர்த்தி என்றால் பழையபடி 200 மீட்டர். ஆனால் 2019-இன் தளர்வு, அதன்படி தயாரித்த மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் செல்லும், அதுவரை 2011 விதிகளே தொடரும் என்று அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. ஆகவே யாராவது '50 மீட்டர்தான்' என்று சொன்னால், எந்த வரைபடத்தின்படி, எந்தத் தேதியில் ஒப்புதல் பெற்றது என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

மனை மண்டலத்துக்குள் விழுந்தால் கதையே வேறு. ஊரகக் கடலோரத்தில் 200 முதல் 500 மீட்டருக்குள் உள்ளூர் மக்களின் வீடு, பொது வசதி, அனுமதி பெற்ற விடுதி போன்றவற்றுக்கு இடம் இருக்கிறது. தனியார் வணிக வளாகம் அந்த வரிசையில் இல்லை. மணல் மேட்டைச் சமன்படுத்துவது எங்கேயும் தடை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கடற்கரை மண்டலத்துக்கு ஒரு மாவட்டக் குழு உண்டு. அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தவர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொல்கிறது. அந்த மூன்று பேர் யார் என்று விசாரித்து நேரில் போய்ப் பாருங்கள். ஆட்சியர் அலுவலக மனுப் பெட்டியில் போடும் நூறு மனுவைவிட இது பலன் தரும்.

இப்போது 2 லட்சம் சதுர அடி என்ற எண். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் கட்டடத்துக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். சதுர அடியில் சொன்னால் 2 லட்சத்து 15 ஆயிரத்துச் சொச்சம். சொல்லப்படும் பரப்பு அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அதில் அடித்தளம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அறிவிக்கையின் வரையறைப்படி எல்லாத் தளங்களும், அடித்தளமும், சேவைப் பகுதிகளும் சேர்ந்துதான் கட்டுமானப் பரப்பு. வண்டி நிறுத்தத் தளத்தைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும் என்றால், திட்டம் மாநில அளவிலான மதிப்பீட்டு ஆணையத்திடம் போயாக வேண்டும். 'முதல் கட்டம் இவ்வளவு, இரண்டாம் கட்டம் பிறகு' என்று பிரித்துக் காட்டியிருந்தாலும் மொத்தத்தைக் கேளுங்கள்.

ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்பட்டாலும் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. துறைமுகம், சுரங்கம், அனல்மின் நிலையம் என்றால் ஆட்சியர் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்பார். கட்டடங்களுக்கு அந்த அறிவிக்கையே விலக்குக் கொடுத்துவிட்டது. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்கு வாய் திறக்கிற இடம் கிராம சபை மட்டும்தான் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

தண்ணீருக்கு வருவோம். இந்த விவகாரத்தில் என் மனதை அதிகம் அரிப்பது இதுதான்.

நம் கடலோரத்தில் மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், கடல் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் கனம், நன்னீர் இலேசு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பாலபாடம். திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். ஒரு தடவை ஏறியது மறு மழைக்கே இறங்கிவிடாது.

மணலில் ஊத்துத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த அக்கா சிரட்டையால் மேலாகக் கோருவார். நான்கைந்து சிரட்டை எடுத்ததும் குழி வற்றிவிடும். கையை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார், ஊறுகிறவரை. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்ட மாட்டார், ஆழம் போனால் உவர் கலந்துவிடும். அந்தப் பொறுமைதான் இத்தனை தலைமுறை அந்த மணலில் தண்ணீரைக் காத்தது. அடித்தளம் தோண்டுகிறவர்கள் செய்வது நேர் எதிர். நீர்மட்டம் மேலாகவே இருக்கிற மணலில் வண்டி நிறுத்தத்துக்குக் குழி எடுத்தால், கான்கிரீட் இறுகும்வரை ராப்பகலாக மோட்டார் வைத்து நிலத்தடி நீரை வெளியே இறைத்தாக வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது. சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளின் கதி என்ன ஆகும்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரே ஒரு நிபந்தனைக்குத்தான் அனுமதிப்பார்கள் என்றாலும் இதைக் கேட்பேன்: நிலத்தடியில் தளமே கூடாது, வண்டி நிறுத்தம் தரையில் இருக்கட்டும். 2011 அறிவிக்கைப்படி உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பதைத் தவிர நிலத்தடி நீர் எடுப்பதற்கே தடை. 200 முதல் 500 மீட்டருக்குள் வேறு வழியில்லாதபோது சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கத்தான் அனுமதி, அதுவும் குடிக்க, பயிருக்கு, மீன்பிடித் தொழிலுக்கு.

கட்டி முடித்த பிறகு தினசரித் தேவை தனி. கழிப்பறை, உணவகம், துடைப்பு எல்லாம் சேர்த்து வருகிற ஆளுக்கு 15 லிட்டர் என்று குறைவாகவே வைப்போம். விடுமுறை நாளில் 5,000 பேர் வந்தால் 75,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளுக்கு வைத்த அளவு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 75,000 லிட்டர் என்பது 1,360 பேருக்கு மேற்பட்டவர்களின் ஒரு நாள் பங்கு. இது எங்கிருந்து வரும் என்று எழுத்தில் கேளுங்கள். திருச்சிப் பக்கமிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிற தண்ணீரையே ஊர்கள் முறை வைத்துப் பிடிக்கின்றன. அதில் கை வைக்கக் கூடாது என்று தீர்மானத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். 'லாரியில் வாங்கிக்கொள்வோம்' என்பதும் பதில் ஆகாது, லாரி எந்தக் கிணற்றில் நிரப்பும் என்பதுதான் கேள்வி. அது பக்கத்து ஊர்க் கிணறாக இருக்கும். கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் திரும்பப் பயன்படுத்தினால் தேவை பெருமளவு குறையும். கட்டுபவர் உண்மையில் பொறுப்பானவராக இருந்தால் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். சுத்திகரிக்காத நீர் ஓடையில் விழுந்தால் போய்ச் சேருவது 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடலிலோ, பாக் விரிகுடாவின் கடற்புல் வெளியிலோதான். இரண்டு பக்கமும் நம்மவர்களின் வலை விழும் கடல்.

மழைத்தண்ணீரைக் கணக்குப் போட்டே சபையில் காட்டுங்கள். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 6 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 24,280 சதுர மீட்டர். அதே மழை முழுக்கக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக மாறிய அந்த மனையில் பெய்தால், ஏறக்குறைய 1 கோடி லிட்டர் தண்ணீர் ஒரே நாளில் வெளியே வழியும். மணலாக இருந்தபோது அதில் பெரும்பகுதி உள்ளே இறங்கி ஊத்துக்கு வந்திருக்கும். சாலை மட்டத்துக்கு மனையை உயர்த்திச் சவடு கொட்டினால், பின்னால் தாழ்வாக இருக்கும் தெருவில் அது நிற்கும். தரைமட்டம் எவ்வளவு உயரும், வடிகால் எந்த சர்வே எண் வழியாக எங்கே போகும், மழைநீர் சேகரிப்புக் குழிகளின் மொத்தக் கொள்ளளவு என்ன? இந்த மூன்றுக்கும் எண்ணோடு பதில் வேண்டும். 'விதிப்படி செய்யப்படும்' என்ற வாக்கியத்தைப் பதிலாக ஏற்காதீர்கள்.

வேலைவாய்ப்பு பற்றி இளைஞர்கள் பேசுவதைத் தயவுசெய்து கேலியாக எடுக்காதீர்கள். கடலில் மீன் குறைந்து, எல்லைப் பிரச்சினையில் படகும் ஆளும் பிடிபட்டு, படித்த பிள்ளைகள் வளைகுடா நாட்டுக்கும் திருப்பூருக்கும் போகிற மாவட்டம் இது. ஊரிலேயே மாதச் சம்பளம் என்பது பெண்பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். உள்ளூர்க்காரர்களுக்கு இத்தனை சதவீதம் என்று ஊராட்சி சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எத்தனை பேர், எந்த வேலை, நேரடி நியமனமா ஒப்பந்தமா, சேமநல நிதி உண்டா, விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி உண்டா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைப் பதிவேட்டில் ஏற்றலாம். கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டமே திருத்தியது.

வரி வருமானம் கொட்டும் என்று சொல்வார்கள். நன்றாகப் பிரித்துப் பாருங்கள். விற்பனையில் வரும் சரக்கு மற்றும் சேவை வரி மாநில, மத்திய அரசுகளுக்குப் போகும், ஊராட்சிக்கு நேராக வராது. ஊராட்சிக்கு வருவது கட்டட வரி, உரிமக் கட்டணம், தொழில் வரி. தொழில் வரி ஆளுக்கு வருடம் 2,500 ரூபாய்க்கு மேல் போக முடியாது, அரசியல் சட்டமே வரம்பு போட்டிருக்கிறது. இதற்கு எதிரே சாலை விளக்கு, குப்பை, வடிகால் செலவு ஊராட்சியின் தலையில் விழும். குப்பைக்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் மொத்தக் குப்பை உற்பத்தியாளர் என்ற வகையில் வரும், ஈரக் குப்பையை அங்கேயே மக்க வைக்கும் பொறுப்பு அதன் உரிமையாளருடையது.

நிலமாக ஊருக்கு வரக்கூடியது ஒன்று உண்டு, பலர் கேட்காமலே விட்டுவிடுவது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால், சாலைக்குப் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் பணம் கட்டித் தப்ப முடியாது. 6 ஏக்கரில் அது 60 சென்டுக்குப் பக்கம் வரும். அதைப் பின்னால் மூலையில் முள்ளுக்குள் ஒதுக்கித் தந்துவிடுவார்கள். சாலையிலிருந்து நேராகப் போகும் பாதையோடு, பிள்ளைகள் விளையாடும்படி தர வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். கடலுக்குப் போகிற பழைய நடைபாதை அந்த மனை வழியாக இருந்தால் அதையும் புலப்படத்தில் குறித்து வாங்குங்கள். மீன் கூடை சுமக்கும் பெண்கள் சுற்றிக்கொண்டு போகும்படி ஆகக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால்: மணல் மேட்டிலோ, ஓடைக் கரையிலோ, கண்மாய் வரத்திலோ இது வருமானால் முழுமூச்சாக எதிர்ப்பேன். சாலையோரத்து உலர்ந்த புன்செய் என்று ஆவணம் காட்டி, அடித்தளம் இல்லாமல், பாதி அளவில் வருமானால் எதிர்க்க மாட்டேன். கூடவே, வாரச் சந்தைக்கு மேற்கூரை, தண்ணீர்க் குழாய், மீன் விற்கும் பெண்களுக்கு மேடை, கழிப்பறை என்று ஒரு தீர்மானத்தையும் அதே சபையில் போடச் சொல்வேன். வளாகத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கும் நேரத்தில் சந்தைக்குக் கூரை கேட்பது எதிர்ப்பு ஆகாது, அலுவலர்களாலும் சுலபமாக மறுக்க முடியாது.

அடுத்த சபைக்கு முன் செய்ய வேண்டியது இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மூன்று இடங்களுக்கு மனுப் போடுங்கள்: ஊராட்சி, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், மாவட்டக் கடற்கரை மண்டலக் குழு. விண்ணப்ப நகல், மனை வரைபடம், கட்டுமானப் பரப்புக் கணக்கு, இதுவரை கொடுத்த தடையின்மைச் சான்றுகள், இவற்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகவே, இந்தப் பொருளைப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லித் தனி அலுவலருக்கு எழுதி ஒப்புகை வாங்குங்கள். தீர்மானத்தை 'எதிர்க்கிறோம்' என்று எழுதாமல், 'கீழ்க்கண்ட விவரங்கள் சபையில் வைக்கப்படும்வரை எந்தத் தடையின்மைச் சான்றும் வழங்கக் கூடாது' என்று எழுதுங்கள். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை நிறுத்தி வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. விவரம் கேட்கும் தீர்மானத்தில் அப்படி நிறுத்த எதுவும் இல்லை.

தீர்மான நகலை ஆட்சியருக்கும், நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும், மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டதாகத் தெரிந்தால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். கட்டட அனுமதி சம்பந்தப்பட்டது என்றால் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம். ஒருவேளை எல்லா அனுமதியும் கிடைத்துக் கட்டிடமும் எழும்பிவிட்டால், மின் இணைப்புக்கும் குடிநீர் இணைப்புக்கும் முன் நிறைவுச் சான்று வாங்கியாக வேண்டும். வடிகாலும், மழைநீர்க் குழியும், 60 சென்டு நிலமும் காகிதத்தில் இருந்தபடி தரையில் இருக்கின்றனவா என்று அன்றைக்குப் போய் அளந்து பார்க்க, சபையே ஐந்து பேரை இப்போதே பெயர் சொல்லித் தீர்மானத்தில் சேர்த்துவிடட்டும். அந்த ஐந்தில் இரண்டு பேராவது மீனவப் பெண்களாக இருக்கட்டும்.